வலக்காது

காதிற் செருகும் சிறு கருவி ஒன்று. சோடியாக வருவது. ஒன்று இடக்காதுக்கு; மற்றொன்று வலக்காதுக்கு. இரண்டையும் இணைக்கின்ற கம்பி இல்லை. கைத்தொலைபேசியோடு தொடுக்கின்ற கம்பியும் இல்லை. இயர்பட் என்கின்றார்கள். ‘பட்’ என்பது மொட்டு. ஆதலின் ‘செவிமொட்டு’ என்று வழங்கலாமே என்றனர், எங்கள் பிராசீன பாடசாலை மாணவர் சிலர். பெயர் நன்றாகத்தான் இருக்கின்றது. ஆனாற் கடைத்தெருவிற் சென்று செவிமொட்டு வேண்டும் என்றாற் பூக்கடைக்கு வழி காட்டுவார்கள். இயர்பட் என்றே எழுதுகின்றேன்.

கனடாவிலிருந்து வந்த என் மருமகன் இதனைக் கொண்டுவந்து தந்தான். “மாமா, இனி அந்த ரேப்புகளோடை மாரடிக்கத் தேவையில்லை” என்றான்.

ரேப்புக் கதையைச் சொல்லாமல் இயர்பட் கதையைச் சொல்லல் இயலாது. 1993 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பற்றரியோ, குடாநாட்டுக்குட் கொண்டுவருதல் தடுக்கப்பட்ட பொருள்களுள் ஒன்று. துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவிற் பிறந்த மின்சாரத்தால் வானொலி கேட்ட காலம் அது. அந்த மின்சாரத்தைக் கொண்டே, என் ஆசிரியர் தொல்காப்பியம் எழுத்ததிகாரம் பாடஞ் சொல்லியதை ஒலிப்பதிவு செய்தோம். ஒருவர் பதிவுக் கருவியைக் கவனிப்பார். ஒருவர் விறாந்தையில் இருந்து மிதி சுழற்றுவார். பெரும்பாலும் மிதி சுழற்றியவன் யான். கை நொந்து, மறுகைக்கு மாற்றும் அந்தக் கணத்திற் சில்லு தன்பாட்டிற் சுழலும். டிக் டிக் என்று ஒரு சிற்றொலி எழும். அவ்வொலி பதிவிலும் விழுந்திருந்தது. பிற்காலத்தில் அந்த ரேப்பைக் கேட்கும்போதெல்லாம் சூத்திரத்துக்கும் உரைக்கும் நடுவில் என் கை நொந்த இடங்கள் எனக்குத் தெரியும்.

ரேப்புகள் 22. மருமகன் அவற்றைக் கணினியில் ஏற்றிக் கைத்தொலைபேசிக்கு மாற்றித் தந்தான். யான் நாடோறும் மாலையில் இயர்பட்டைச் செருகிக்கொண்டு ஆசிரியர் சொல்லியவற்றை எழுதத் தொடங்கினேன். டிக் டிக் என்ற ஒலி இப்பொழுது இல்லை. கணினி இரைச்சலைத் துடைத்து எடுத்துவிட்டது போலும் என்று எண்ணிக்கொண்டேன்.

சில மாதங்களில் வலப்பக்கம் பேசாதொழிந்தது. என்று ஒழிந்தது என்பதை யான் அறியேன். இதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் ஒலிப்பதிவு ஒரே ஒலிவாங்கியாற் செய்தது. இடத்திலும் வலத்திலும் ஒலிப்பது ஒன்றே. ஒரு பக்கம் முற்றாக மடிந்தாலும் ஒரு சொல்லும் குறையாது. ஒரு நாள் நாதஸ்வரக் கச்சேரி ஒன்றைக் கேட்கப் புகுந்தேன். அஃது இரு பக்கத்துக்கும் வேறு வேறாக ஒலி பிரித்த பதிவு. நாதஸ்வரம் காதருகே நின்றது. தவிலோ அயல்வீட்டுக் கிணற்றுக்குள் இருந்து கேட்பதுபோலக் கேட்டது. யாழ்ப்பாணத்தான் ஒருவன் தவிலை இழந்தபின் சும்மா இருப்பானா? அன்றுதான் வலப்பக்கத்தைக் கழற்றிப் பார்த்தேன்.

நகரத்திற் பேருந்து நிலையத்தை அடுத்த கடை ஒன்றுக்குக் கொண்டுபோனேன். கடைக்காரத் தம்பி அதனைக் கையிலும் வாங்கவில்லை. “இது திருத்த ஏலாது ஐயா. எறிஞ்சுபோட்டுப் புதுச் சோடி வாங்குங்கோ” என்றார். அவர்மேற் குறை சொல்வதற்கில்லை. இதன் உடல் பசையால் ஒட்டியது, திறந்தால் உடையும். உள்ளே இருக்கும் பற்றரி ஒரு பயற்றங்காய் விதையிலும் சிறிது பெரிது, அவ்வளவே. சில நூறு முறை மின்னேற்றம் பெற்றபின் அதன் ஆற்றல் தேயும். தேய்ந்ததை மாற்றுவதற்கு வழி வைக்காமலே இதனைச் செய்கின்றார்கள். திருத்தமுடியாத பொருளைச் செய்து விற்பது கெட்டித்தனமா, கொடுமையா என்பது வேறு விசாரம். ஆனாற் பழுது இன்னது என்று பாராமலே எறி என்பது எனக்கு ஒவ்வவில்லை. ஏட்டில் ஓர் எழுத்துச் சிதைந்தால் ஏட்டையே ஆற்றில் விடுவார் உண்டோ?

மறுநாள் வகுப்பில் இதனைச் சொல்லிக் குறைப்பட்டுக்கொண்டேன். “நான் ஒருக்காப் பாக்கட்டோ ஐயா?” என்று எழுந்தான் ஒரு மாணவன்.

இம்மாணவனைப் பற்றி ஒரு சொல் முன்னரே சொல்லிவிட வேண்டும். என் வலப்புறத்தே, தெருப்பக்கத்துச் சாளரத்தை அடுத்து இருப்பவன். மெல்லப் பேசுபவன். இரண்டு கிழமைக்கு முன் யாப்பிலக்கண வகுப்பில், செய்யுள் உறுப்பு ஆறனுள் ஈற்றில் நிற்பது யாது என்று அவனைக் கேட்டேன். அவன் சொல்லிய விடை “தொகை” என்று என் காதில் விழுந்தது. தொகை சொல்லிலக்கணத்தில் அல்லவா இருக்கின்றது? யாப்புக்குள் அஃது எவ்வாறு புகுந்தது? பத்து நிமிடம் அதனை விரித்துப் பேசினேன். வாய்க்குள் முணுமுணுப்பது பண்டித வகுப்புக்கு அழகன்று என்றும் சொன்னேன். அவன் தலை குனிந்து நின்றான். ஏனைய மாணவர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டனர்.

அந்த மாணவன்தான் இப்பொழுது இயர்பட்டைக் கையில் வாங்கினான்.

அவன் செய்த முறையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலிற் கருவியைத் தொடவேயில்லை. என் கைத்தொலைபேசியின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தான். கேட்டற் குறைவுடையார்க்கு உதவும் பகுதியில் இடம், வலம் என்னும் ஒலியளவைச் சமன்செய்யும் கோடு ஒன்று உண்டு. விரல் பட்டு அஃது ஒரு பக்கம் ஒதுங்கிவிட்டால் மறுபக்கம் ஊமையாகிவிடும். கருவியிற் குற்றமில்லாமலே அதனை எறிந்தவர் இருக்கக்கூடும். என் தொலைபேசியில் அஃது நடுவிலேயே நின்றது. பின்பு இயர்பட்டைத் தன் தொலைபேசியோடு இணைத்தான். அங்கும் வலப்பக்கம் பேசவில்லை. “ஐயாவின்ரை போனிலை பிழையில்லை” என்றான்.

யான் திகைத்தேன். இஃது எங்கேயோ படித்த முறை. மணிமேகலையின் 29 ஆங் காதையில் அளவை நூல் விரிந்து கிடக்கின்றது. அந்நுவயம், வெதிரேகம் என்பவற்றை அங்கே காணலாம். நெருப்புள்ள அடுக்களையிற் புகை உண்டு. நெருப்பில்லாத நீர்நிலையிற் புகை இல்லை. உள்ளவிடத்து உண்மையும் இல்லவிடத்து இன்மையும் ஆகிய இரண்டையும் கண்டபின்னரே காரணம் இன்னது என்று துணிதல் வேண்டும். தொலைபேசியை மாற்றியபோது மௌனமும் மாறியிருந்தால் தொலைபேசியே காரணம். மாறவில்லை; ஆகவே அஃது காரணமன்று. ஒரு காலத்தில் ஒன்றையே மாற்றினான். இரண்டைச் சேர்த்து மாற்றியிருந்தால் எதனாற் குணமாயிற்று என்பது ஒருவர்க்கும் தெரியாது. முப்பது ஆண்டாக இதனைக் கரும்பலகையில் எழுதிக் காட்டியவன் யான். கருவி பழுதானபோது கடைக்கு ஓடியவனும் யான்.

அடுத்து அவன் செய்தது இரண்டின் உறவைச் சோதித்தது. பழைய கம்பிக் கருவியில் ஒரு காது நின்றுபோனாற் கம்பியை வளைத்துப் பார்ப்போம். செருகும் முனையருகே கம்பி அற்றிருக்கும். இங்கே வளைப்பதற்குக் கம்பி இல்லை. தொலைபேசியிலிருந்து வானொலி அலையாகப் பாட்டு வருகின்றது. பல கருவிகளில் அதனை ஒரு பக்கமே வாங்கி மறுபக்கத்துக்குக் கொடுக்கின்றது. வேறு சிலவற்றில் இரண்டும் தனித்தனியே வாங்குகின்றன. எவ்வாறாயினும் இரண்டும் ஒன்றை ஒன்று அறிந்து, ஒரே தாளத்தில் நிற்றல் வேண்டும். சிலபோது இந்த அறிமுகம் மறந்துபோகும். ஒன்று மாத்திரம் தொலைபேசியோடு தனியாகக் கூடிக்கொள்ளும்; மற்றையது அறியாதாரைப் போல இருக்கும். அப்பொழுது தொலைபேசியிலுள்ள பழைய இணைப்பை அழித்துவிட்டு, இரண்டையும் பெட்டியில் வைத்து, குறித்த இடத்தைச் சில விநாடி அழுத்திப் பிடித்துப் புதிதாக அறிமுகஞ் செய்விக்க வேண்டும். எங்கே அழுத்துவது, எத்தனை விநாடி என்பது செய்தவர்க்குச் செய்தவர் வேறுபடும். பெட்டியோடு வந்த தாளை எறியாதவர் பிழைத்தார்.

இந்த அலைமுறைக்குப் புளூடூத் என்று பெயர். பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹரால்ட் என்னும் அரசனின் பட்டப்பெயர் அது. நீலப்பல் என்பது பொருள். 1998 இற் கொம்பனிகள் சில ஒன்றுகூடி இதற்கெனச் சங்கம் அமைத்தன. அதன் சின்னம் அவ்வரசன் பெயரின் முதலெழுத்து இரண்டையும் பழைய ரூனிக் வரிவடிவத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக எழுதியது. எழுத்துப் புணர்ச்சி தமிழர்க்கே உரியது என்று நினைத்திருந்தேன்! வழமையான புளூடூத் 79 அலைவரிசைகளில் விநாடிக்கு 1600 முறை தாவித் தாவிச் செல்லும். பக்கத்திலுள்ள வேறு கருவிகளின் இரைச்சலிலிருந்து தப்புவதற்கு இந்தத் தாவல். இவ்வாறு தாவும் முறை ஒன்றுக்கு 1942 இல் அமெரிக்காவில் உரிமைப் பத்திரம் பெற்றவருள் ஒருவர் ஹெடி லமார் என்னும் திரைப்பட நடிகை; மற்றையவர் ஜோர்ஜ் அந்தைல் என்னும் இசையமைப்பாளர். பியானோவின் கட்டைகளைப் போல 88 அலைவரிசை வைத்தனர். நடிகையும் இசைவாணரும் எண்ணியது கடலிற் செல்லும் குண்டைப் பகைவர் குழப்பாமற் செலுத்துதற்கு. விந்தைதான். நிற்க.

புதிய அறிமுகமும் பயன்படவில்லை. வலப்பக்கத்தை எவ்வளவு அழுத்தியும் அதன் விளக்கு மினுங்கவில்லை. “இதிலை உயிரே இல்லை ஐயா. சார்ஜ் ஏறேல்லை” என்றான். பெட்டிக்குள் வெளிச்சம் பிடித்துப் பார்த்தான். பார்த்தவன் சிரிப்பை அடக்கிக்கொண்டான். வலப்பக்கக் குழியின் அடியில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது.

வெண்கட்டித் தூள். யான் வெண்கட்டித் துண்டுகளையும் இயர்பட் பெட்டியையும் ஒரே சட்டைப்பையிற் போட்டுத் திரிபவன். தூளும் வியர்வையும் கலந்து, மின்னேற்றும் சிறு பித்தளைப் புள்ளிகளின்மேற் சாந்துபோல இறுகியிருந்தது. பெட்டியில் வைத்தது வைத்தபடி. மின்சாரம் ஏறினால் அல்லவோ பேசும்? ஓவியந் தீட்டும் உலர்ந்த தூரிகையால் அதனைத் துடைத்தெடுத்தான். இறுகியதற்கு, ஐசோபுரோப்பைல் அற்ககோலிற் சிறிதே நனைத்துப் பிழிந்த பஞ்சு. நீரையோ மருந்தையோ உள்ளே ஊற்றுதல் ஆகாது. அரைமணி நேரம் பெட்டியில் வைத்தபின் விளக்கு எரிந்தது.

விளக்கு எரிந்தது, ஒலி நைந்து வந்தது. வாயிலுள்ள நுண்ணிய வலையிற் காதுக்குறும்பி அடைந்திருக்கின்றது என்றான். யான் சட்டை ஊசியை எடுத்தேன். “ஊசி வேண்டாம் ஐயா!” என்று என் கையைப் பிடித்துவிட்டான். ஊசி குறும்பியை உள்ளே தள்ளும், வலையையும் கிழிக்கும். மேலே மாட்டியிருக்கும் மென்மையான றப்பர் மூடியைக் கழற்றி அதனை மாத்திரம் கழுவி உலரவிட வேண்டும். வலையைக் கீழ்நோக்கிப் பிடித்து உலர்ந்த மெல்லிய பற்தூரிகையால் மெல்லத் தட்டினால், விழுவது கீழே விழும். மேல்நோக்கிப் பிடித்துத் தேய்ப்பது விழவேண்டியதை உள்ளே அனுப்புவதாகும்.

எல்லாம் முடிந்தது. செருகிக்கொண்டேன். ஆசிரியர் குரல் வலப்பக்கத்திலும் எழுந்தது. ஆயினும் இடத்தினும் வலம் தாழ்ந்தே நின்றது. “இன்னும் குறைவாய்த்தான் இருக்கு, தம்பி” என்றேன். அவன் வாங்கி, துடைத்து, இரண்டையும் தன் காதிற் செருகிக் கேட்டான். பின் வலத்ததை இடக்காதிலும் இடத்ததை வலக்காதிலும் பிடித்துக் கேட்டான். மீண்டும் கேட்டான். முகம் மாறியது.

“பின்னாலை டிக் டிக் எண்டு ஒரு சத்தம் கேக்குது ஐயா. அதையோ பிழை எண்டு சொல்லுறீங்கள்?”

யான் ஒன்றும் பேசவில்லை. அந்த ஒலியைக் கணினி துடைக்கவில்லை.

“ரண்டும் ஒரேமாதிரித்தான் கேக்குது” என்று மெல்லச் சொன்னான். அதற்குமேற் சொல்ல அவனுக்கு நா எழவில்லை. ஆசிரியனுக்கு மாணவன் சொல்லத்தக்கது அன்று அது. யானே வாங்கி, வலத்ததை இடக்காதில் வைத்தேன். முழங்கிற்று. இடத்ததை வலக்காதில் வைத்தேன். அடங்கிற்று. மௌனம் கருவியோடு வரவில்லை, காதோடு நின்றது. எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக மாற்றிச் சோதித்தபின் மாற்றாமல் எஞ்சிநின்ற பொருள் யானே.

காது மூக்குத் தொண்டை வைத்திய நிபுணரிடம் போனேன். அவர் இசைக்கவை ஒன்றைத் தட்டி, அதன் அடியை என் நெற்றி நடுவில் ஊன்றினார். விநாடிக்கு 512 அதிர்வு உடையது. எந்தப் பக்கம் உரத்துக் கேட்கின்றது என்றார். வலப்பக்கம் என்றேன். சொல்லிவிட்டு மகிழ்ந்தேன், கேளாத காது கேட்கின்றதே! வைத்தியர் சிரித்தார். “உரத்துக் கேட்கிற பக்கம்தான் அடைபட்ட பக்கம்” என்றார். துவாரம் அடைபட்டால் வெளியிரைச்சல் உட்புகாது. எலும்பு வழியே வரும் அதிர்வு அங்கே ஓங்கி நிற்கும். நரம்பு கெட்டிருந்தால் நல்ல காதிலேயே உரத்துக் கேட்டிருக்கும். ஒரு கவைக்கோல் இரண்டு நோயையும் வேறு பிரித்துவிட்டது. இன்னும் ஒன்று சொன்னார். ஒரு காது திடீரென ஒரு நாளில் மந்தமானாற் குறும்பிதானே என்று வாளா இருத்தல் கூடாது. நரம்பு கெடுவதாகவும் இருக்கலாம். முதற் சில நாள்களுக்குள் வந்தாலே மருந்து பயன்படும் வாய்ப்பு மிகுதி. யான் மாதக்கணக்கிற் கருவியைக் குற்றஞ்சாட்டிக்கொண்டு இருந்தவன். நல்லூழ், என்னது குறும்பி.

காது தானாகவே குறும்பியை வெளியே தள்ளும் இயல்புடையது. நாடோறும் இயர்பட்டைச் செருகிச் செருகி வெளிவருவதை உள்ளே திருப்பி அனுப்பியிருக்கின்றேன். குறும்பிவாங்கியும் பஞ்சுக்குச்சியும் அந்தத் திருப்பணிக்குத் துணை. சில நாள் துளிமருந்து விட்டு இளக்கியபின், உறிஞ்சி எடுத்தார். மிளகளவு ஒரு கட்டி. வலக்காது திறந்தது, அறையின் மின்விசிறி இரைந்தது.

கதை இவ்வளவில் முடிந்திருக்கலாம். அவர் கேட்டற் சோதனையும் செய்து, ஒரு வரைபடம் தந்தார். இரண்டு காதுக்கும் கோடு நேரே சென்று, 4000 அதிர்வுக்கு மேற் சரிந்து விழுகின்றது. இது வயதினால் வருவது, மருந்து இல்லை. வலக்காது அடைபட்டிருந்தபோது ஒலியை ஏற்றி ஏற்றி இடக்காதையும் வருத்தியிருக்கின்றேன். 80 டெசிபல் ஒலியைக் கிழமைக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபல் ஆயின் 4 மணி நேரமே என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. பத்தேறினாற் பத்திலொன்றாகும். மாணவர் இதனைக் குறித்துக்கொள்வாராக.

சரிந்த இடத்தில் எவை இருக்கின்றன என்று கேட்டேன். உயிரெழுத்துக்கள் பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வில் நிற்பன. உரமும் அவற்றுக்கே மிகுதி. மெய்யெழுத்துக்கள் பலவற்றை வேறுபடுத்திக் காட்டுவன உயர்ந்த அதிர்வுகள். ஆகவே யாரோ பேசுகின்றார் என்பது கேட்கும். என்ன பேசுகின்றார் என்பது மயங்கும். உயிர் கேட்கின்றது, மெய் கேட்கவில்லை. சாளரத்தருகே தெருவிரைச்சல், அடைபட்ட வலக்காது, மெல்லிய குரல். டகரத்துக்கும் ககரத்துக்கும் உள்ள வேறுபாடு எங்கே போயிருக்கும் என்று வைத்தியசாலைப் படியில் இறங்கும்போது எனக்குப் புலப்பட்டது.

யாப்பின் ஈற்றுறுப்புத் தொடை. அவன் தொடை என்றுதான் சொல்லியிருக்கின்றான்.

அடுத்த நாள் வகுப்பில், எல்லார் முன்னிலையிலும், அன்று சரியான விடைக்குப் பத்து நிமிடம் பிழை சொன்னேன் என்பதைச் சொன்னேன். ஏன் அப்பொழுதே மறுக்கவில்லை என்று அவனைக் கேட்டேன். “ஐயா சொன்னால் அதிலை ஏதும் இருக்கும் எண்டு நினைச்சன்” என்றான். வகுப்பு முழுவதும் அதே எண்ணத்தில் இருந்திருக்கின்றது. வீடு சென்று நூலைப் புரட்டி, தொகை யாப்பில் வரும் இடம் உண்டோ என்று தேடியவரும் இருவர்.

இப்பொழுது ரேப்பு எழுதும் வேலை இருவர் வேலை. பாடசாலை விட்டபின் விறாந்தையில் அவனும் யானும் இருக்கின்றோம். ஒலி இருபுறமும் ஒன்றே ஆதலின் இடத்தது என் காதில். வலத்தது அவன் காதில். அவனதற்கு வேறு றப்பர் மூடி. ஆசிரியர் சொல்லுகின்றார், யான் எழுதுகின்றேன், மயங்கும் எழுத்தை அவன் சொல்லுகின்றான். இடையிடையே ஒன்றும் சொல்லாமல் விரலை உயர்த்துகின்றான். அங்கே டிக் டிக் என்று கேட்கின்றதாம். ஏட்டின் ஓரத்தில் ஒரு புள்ளி இடுகின்றேன். ஒன்பதாவது ரேப்பில் இதுவரை பதினான்கு புள்ளி.